காற்றுக்கு மனுப் போட்ட ஊர்: சுவான்சௌவின் இலையுதிர்காலம்

மழைக்காக அரசாங்கம் பூஜை நடத்திய கதைகள் நமக்குத் தெரியும். காற்றுக்காக அரசாங்கமே பூஜை நடத்திய கதை தெரியுமா? அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை, தலைமுறை தலைமுறையாக! ஊரின் தலைமை அதிகாரி, சுங்க அதிகாரி, ராஜ குடும்பத்து ஆட்கள் என்று எல்லோரும் ஒரு சின்ன மலையடிவாரத்தில் கூடி, "காற்றே, சரியான நேரத்துக்கு வந்துவிடு" என்று வேண்டிக்கொண்டார்கள். வேண்டிக்கொண்டதைத் தேதி போட்டு, பெயர் போட்டு, பாறையில் வெட்டியும் வைத்தார்கள். அந்தப் பாறைகள் இன்றும் இருக்கின்றன.

அந்த ஊரின் பெயர் சுவான்சௌ. தென்கிழக்குச் சீனத்தில் ஃபூஜியன் மாகாணத்தில், தைவானுக்கு நேர் எதிரே இருக்கும் கடற்கரை நகரம். அரபு வணிகர்களும் மார்க்கோ போலோவும் இதை 'சைத்தூன்' என்று அழைத்தார்கள். ஊரைச் சுற்றி 'ஸிதோங்' என்ற மரங்கள் நட்டிருந்ததால் வந்த பெயர் அது. ஸிதோங் வேறு எதுவுமில்லை, நம் ஊர் வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கைதான்! 'சாட்டின்' என்ற பளபளப்பான துணியின் பெயரும் இந்த சைத்தூனிலிருந்தே பிறந்தது என்பது பரவலான கருத்து.

இந்த ஊரின் இலையுதிர்காலம் எப்படி இருக்கும், அந்தப் பருவம் எப்படி ஒரு ஊரை உலகச் சந்தையாக்கியது, பிறகு ஏன் அதே பருவத்தால் அந்தச் சந்தையைக் காப்பாற்ற முடியவில்லை என்பதைப் பார்ப்போம்.

இலை உதிராத இலையுதிர்காலம்

இலையுதிர்காலம் என்றதும் சிவந்த மேப்பிள் இலைகள் நினைவுக்கு வரும். சுவான்சௌவில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். கடகரேகைக்குச் சற்றே வடக்கில், ஏறக்குறைய 25 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஊர் இது. தெருவோர ஆலமரங்கள் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கும். சீன நாட்காட்டியில் அக்டோபர் 23 வாக்கில் 'உறைபனி இறங்கும் நாள்' என்று ஒரு பருவக் குறி உண்டு. அது வட சீனத்து வானிலையைப் பார்த்து எழுதிய நாட்காட்டி. சுவான்சௌ கடற்கரையில் அந்த நாளில் உறைபனியைக் காண முடியாது.

அப்படியானால் இங்கே இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? காற்றைப் பார்த்துத்தான்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்ற இந்த மூன்று மாதங்களையும் மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கட்டம் புயல். செப்டம்பரில் வெயில் குறைவதில்லை. சராசரி வெப்பம் 27 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், புழுக்கமும் உண்டு. பசிபிக் கடலில் உருவாகும் டைஃபூன் புயல்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையைக் குறி வைக்கும். நடுவில் இருக்கும் தைவான் மலைகளில் மோதிப் பல புயல்கள் பலமிழந்துதான் வந்து சேரும். ஆனால் எல்லாப் புயலும் அப்படி விட்டுவிடாது.

இரண்டாம் கட்டம் தெளிவு. அக்டோபரில் வானம் கழுவி விட்டதுபோல் நீலமாகிவிடும். மழை சட்டென்று குறையும். பகலில் இதமான வெயில், இரவில் மெல்லிய குளிர்.

மூன்றாம் கட்டம் வாடை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று செப்டம்பர் பிற்பகுதியிலேயே தலைகாட்டும். அக்டோபரில் நிலைகொள்ளும். நவம்பரில் இரவு பகல் பாராமல் வீசும். வெப்பம் 20 டிகிரி பக்கம் இறங்கும். அடுத்த வசந்தம் வரை இதுதான் ஊரை ஆளும் காற்று.

அண்ணன் தம்பிக் காற்றுகள்

இந்த வாடை எங்கிருந்து வருகிறது? சூரியன் தெற்கே நகர்ந்ததும் சைபீரியா, மங்கோலியா நிலப்பரப்பு வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமாகி அங்கே உயர் அழுத்தம் உண்டாகிறது. தெற்கே கடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தம் நோக்கிக் காற்று புறப்பட்டு, பூமியின் சுழற்சியால் திரும்பி, சீனக் கரையோரமாக வடகிழக்குக் காற்றாக வீசுகிறது.

சுவான்சௌ அருகே வரும்போது இன்னொன்று நடக்கிறது. ஒரு பக்கம் ஃபூஜியன் மலைகள், மறு பக்கம் தைவானின் நடு மலைத்தொடர். நடுவில் தைவான் நீரிணை. இரண்டு சுவர்களுக்கு இடையே நுழையும் காற்று வேகம் பிடிக்கும் அல்லவா? மாடி வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் காற்று பிய்த்துக்கொண்டு போவது போலத்தான் இதுவும். அதனால்தான் சுவான்சௌ கடற்கரையில் வாடை மற்ற இடங்களைவிடக் கடுமையாக வீசுகிறது. பக்கத்திலுள்ள ஹுய்ஆன் கடற்கரைப் பெண்கள் முகத்தைச் சுற்றிப் பூப்போட்ட துணி கட்டி, மேலே மூங்கில் தொப்பி போட்டுக்கொள்வது உலகப் புகழ் பெற்ற உடை. வெயிலுக்கும் மணலை வாரி இறைக்கும் காற்றுக்கும் அது நல்ல பாதுகாப்பு.

தமிழகக் கடற்கரைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றும் இதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம்மிடம் வருமுன் அது வங்கக்கடலைத் தாண்டி ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. சுவான்சௌவுக்கு அது நிலத்திலிருந்து உலர்ந்தே வருகிறது. அதனால் நமக்குக் குடை பிடிக்கும் மாதங்கள், அவர்களுக்குப் பட்டம் விடும் மாதங்கள்.

காற்றே கணக்குப் பிள்ளை

எந்திரம் இல்லாத காலத்தில் பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் எரிபொருள். வாடை கிளம்பினால் சீனத்திலிருந்து தெற்கே போகலாம். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று கிளம்பினால் தெற்கிலிருந்து திரும்பி வரலாம். ஆக, ஆண்டில் போக ஒரு வாசல், வர ஒரு வாசல். இரண்டுமே காற்று திறந்து விடும் வாசல்கள்.

சுவான்சௌவில் கடல் வணிக அதிகாரியாக இருந்த சாவ் ருகுவோ என்பவர் 1225-இல் 'சூ ஃபான் ஜி' என்ற நூலை எழுதினார். பல அயல்நாடுகளைப் பற்றிய குறிப்புகள் கொண்ட அந்த நூலில் சோழ நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சுவான்சௌவிலிருந்து சாதகமான காற்றில் கிளம்பினால் இன்றைய வியட்நாமிலிருந்த சம்பா நாட்டுக்கு இருபது நாட்களுக்குச் சற்று மேல், சாவகத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் என்று அவர் கணக்குத் தருகிறார். கேரளத்துக் கொல்லம் வரை போக வேண்டுமானால்? நாற்பது நாட்களுக்கு மேல் பயணம் செய்து சுமத்திராவின் வட முனையை அடைய வேண்டும். அங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி கிளம்பி ஒரு மாதத்தில் கொல்லம் சேர வேண்டும்.

வணிகர் கண்ணோட்டத்தில் இதைப் பார்த்தால்தான் பதற்றம் புரியும். பட்டும் பீங்கானும் வாங்கிக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. மாலுமிகளுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கடன் வாங்கியிருந்தால் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்துக் காற்றைத் தவற விட்டால் போட்ட முதல் ஓராண்டு முடங்கிவிடும். இடையில் நாலு மாதம் தள்ளிப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்டோபரில் கடற்கரையில் நின்று தோரணத் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பது வேடிக்கை அல்ல, வியாபாரம்!

அரசுக்கும் இதே கவலைதான். 1087-இல் சுவான்சௌவில் கடல் வணிக அலுவலகம் தொடங்கப்பட்டது. வந்திறங்கும் சரக்கில் ஒரு பங்கை வரியாக எடுப்பது அதன் வேலை. விகிதம் காலத்துக்குக் காலம் மாறினாலும், பத்தில் ஒன்று என்பது அடிக்கடி காணப்படும் கணக்கு. அதற்கு மேல் அரசு சொல்லும் விலைக்கே ஒரு பகுதியை விற்க வேண்டிய கட்டாயமும் உண்டு. சாய் ஜிங்ஃபாங் என்ற கப்பல் தலைவர் 1127 முதல் 1134 வரை வரவழைத்த சரக்கால் மட்டும் அரசுக்குக் கிடைத்த நிகர லாபம் 9 லட்சத்து 80 ஆயிரம் சரம் காசுகள். ஒரு சரம் என்பது பெயரளவில் ஆயிரம் காசு. வடக்கே பாதி நாட்டை இழந்து தெற்கே ஒதுங்கியிருந்த சுங் அரசுக்கு இது உயிர்நாடி.

இப்போது அந்தப் பூஜைக்கு வருவோம்.

ஒன்பதாம் நாள் மலை

சுவான்சௌ நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், ஜின் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மலை. பெயர் ஜியூரி மலை. 'ஒன்பதாம் நாள் மலை' என்று பொருள். சீனர்களின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், அதாவது பெரும்பாலும் அக்டோபரில் வரும் இலையுதிர்கால விழாவன்று மலையேறுவது வழக்கம். வடக்கே நடந்த போர்களுக்குத் தப்பித் தெற்கே குடிவந்த மக்கள், இழந்த ஊரை நினைத்து அந்த நாளில் ஏறிய மலை என்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இலையுதிர்காலத்தின் பெயரையே தாங்கிய மலை!

இங்கேதான் அந்தக் காற்று வேண்டுதல் நடந்தது. வேண்டப்பட்ட தெய்வம் 'தோங்யுவான் அரசர்'. பழைய காலண்டர்படி நான்காம் மாதத்தையொட்டி, வரும் கப்பல்களுக்காக ஒரு வேண்டுதல். பத்தாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதத்துக்குள், போகும் கப்பல்களுக்காக இன்னொன்று. மலையில் எழுபதுக்கும் மேற்பட்ட பாறை எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் பத்து இந்தக் காற்று வேண்டுதலைப் பற்றியவை. மிகப் பழையது 1174-ஆம் ஆண்டு, கடைசியானது 1266.

அந்த எழுத்துகளில் கவித்துவம் ஒன்றும் கிடையாது. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தெந்த அதிகாரிகள் வந்தார்கள், கப்பல்களுக்காகக் காற்று வேண்டினார்கள், மலையைச் சுற்றிப் பார்த்தார்கள் என்று ஓர் அலுவலகக் குறிப்பு மாதிரிதான் இருக்கும். அதுதான் அதன் அருமை. ஒரு பருவகாலத்தை அரசாங்க அலுவலாகவே நடத்தியதற்கு இப்படி வரிசையான கல் சாட்சி வேறெங்கே கிடைக்கும்?

காத்திருந்தவர்கள், தங்கிவிட்டவர்கள்

காற்று கப்பல்களை அனுப்பியது மட்டுமல்ல, மனிதர்களை நிறுத்தியும் வைத்தது. கோடையில் வந்து சேர்ந்த வெளிநாட்டு வணிகர் வாடை கிளம்பும் வரை மாதக்கணக்கில் இருந்தே ஆக வேண்டும். சரக்கு விற்று முடியாவிட்டால் அந்த வாடையும் போய்விடும், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். காண்டன் துறைமுகத்தைப் பற்றி 1119-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு நூலில், இப்படி ஊர் திரும்பாமல் சீனத்தில் தங்கிவிடும் அயல்நாட்டவருக்குத் தனிப் பெயரே இருந்ததாகத் தெரிகிறது: 'சீனத்தில் குடியிருப்பவர்'. வெளிநாட்டில் தங்கிவிடும் சீனருக்கும் அதேபோல் ஒரு பெயர்.

தங்கினால் வீடு வேண்டும். வீடு வந்தால் கோயிலும் மசூதியும் கல்லறையும் வரும். சுவான்சௌவில் 1009-இல் எழுந்த மசூதியின் கல் வாயில் இன்றும் நிற்கிறது. கிறித்துவச் சிலுவை பொறித்த கல்லறைக் கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு மானி கோயிலும் இருக்கிறது.

நம்மவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். 1956-இல் சுவான்சௌவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நாள் என்று தேதி. கி.பி. கணக்கில் 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள், மங்கோலியக் கானின் ஆணையுடன், கானின் உடல்நலத்துக்காக அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. கடைசியில் சீன எழுத்துகளும் ஒரு வரி உண்டு.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். தெற்கிலிருந்து கப்பல்கள் வந்து சேர்வது கோடையில். சித்திரையில் அவர் சுவான்சௌவில் இருந்தார் என்றால், பெரும்பாலும் முந்திய கோடையிலோ அதற்கு முன்போ வந்திருக்க வேண்டும். அதாவது 1280-இன் இலையுதிர்காலத்தில் வாடை கிளம்பி, தெற்கே போகும் கப்பல்கள் பாய் விரித்தபோது, அவர் ஏறவில்லை. ஊருக்குப் போகும் காற்று வாசலில் வந்து நின்றும் தங்கிவிட்டார். தங்கியவருக்குக் கும்பிட ஒரு கடவுள் தேவைப்பட்டார். சம்பந்தப் பெருமாளைப் பற்றி அந்தக் கல்லைத் தவிர வேறு பேச்சில்லை என்றாலும், காற்றின் நாட்காட்டி அவரைப் பற்றி இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

வராமல் போனவர்களும் உண்டு. 1974-இல் சுவான்சௌ விரிகுடாவில் ஹௌசூ என்ற இடத்தில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு மரக்கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். மிஞ்சிய பகுதியே 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உள்ளே 13 அறைகள். வாசனை மரங்களும் மிளகும் இருந்தன. 1271-க்குப் பிந்திய காசு எதுவும் இல்லை. தென்கடல் சரக்கோடு வீடு திரும்பிய கப்பல், துறைமுகத்து வாசலிலேயே முடிந்துபோனது. அடுத்த இலையுதிர்காலத்தில் அது புறப்படவில்லை.

காற்று மாறவில்லை, மனிதர்கள் மாறினார்கள்

இவ்வளவும் படித்தால், காற்றுதான் சுவான்சௌவை வளர்த்தது என்று முடித்துவிடத் தோன்றும். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதிக்கு ஒரு சாட்சி, சென் தேசியூ என்ற அறிஞர். 1217-இல் அவர் சுவான்சௌவின் தலைமை அதிகாரியாக வந்தபோது, கடுமையான வரிக்குப் பயந்து வெளிநாட்டுக் கப்பல்கள் ஆண்டுக்கு மூன்று நான்குதான் வந்துகொண்டிருந்தன. அவர் முதல் வேலையாக வரியைத் தளர்த்தினார். கப்பல்கள் முப்பத்தாறாக உயர்ந்தன என்கிறது சுங் வரலாறு. மூன்று நான்கிலிருந்து முப்பத்தாறு! அந்த ஆண்டுகளில் வாடை கூடுதலாக வீசவில்லை. தெய்வம் புதிதாக இரங்கவும் இல்லை. சுங்கச்சாவடியில் பிடுங்குவது குறைந்தது, அவ்வளவுதான்.

இதே சென் தேசியூ காற்று வேண்டுதலுக்கான உரைகளும் எழுதியவர். ஊரின் வருமானம் கப்பலை நம்பியிருக்கிறது, கப்பல் காற்றை நம்பியிருக்கிறது, காற்று தெய்வத்தின் கையில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் தெய்வத்திடம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தன் கையில் இருந்ததைத் தான் சரி செய்தார்.

பிறகு மங்கோலியர் காலம். சுவான்சௌவின் உச்சம். 1291-92 வாக்கில் மார்க்கோ போலோ இங்கிருந்துதான் கப்பலேறினார். காற்று சரியில்லாமல் சுமத்திராவில் ஐந்து மாதம் காத்துக் கிடந்ததாக அவரே சொல்கிறார். காற்றுக்கு முன் எல்லோரும் சமம்!

சரிவு காற்றால் வரவில்லை. 1357 முதல் 1366 வரை நகரில் பாரசீகப் படையினரின் கலகமும் உள்ளூர்ச் சண்டையும் நடந்து, வெளிநாட்டவர் குடியிருப்புகள் சிதைந்தன. தங்கியவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஓடினார்கள். அடுத்து வந்த மிங் அரசு 1371-இல் தனியார் கடல் வணிகத்தையே தடை செய்தது. ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துக்கொண்டே வந்தது. 1470-களில் கடல் வணிக அலுவலகமும் ஃபூசௌ நகருக்குப் போய்விட்டது.

ஒவ்வோர் அக்டோபரிலும் வாடை மட்டும் தவறாமல் வந்தது. திறந்த வாசல் திறந்தபடியே இருந்தது. சட்டப்படி வெளியே போகத்தான் ஆளில்லை.

இன்றும் அதே காற்று

இன்று அந்தக் காற்றுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. சுவான்சௌவைச் சேர்ந்த ஆன்ஷி மலைகளில் விளையும் 'தியேகுவான்யின்' தேயிலைக்கு இலையுதிர்கால அறுவடைதான் மணத்துக்குப் பேர் போனது. அக்டோபர் தொடக்கத்தில் வடக்குக் காற்றும் வெயிலும் சேர்ந்த உலர்ந்த நாளில் பறித்து வாட்டினால்தான் அந்த மணம் கிடைக்கும். மழை வந்தால் போச்சு. அன்று கப்பல்காரர்கள் பார்த்த அதே திசையை இன்று தேயிலைக்காரர்கள் பார்க்கிறார்கள்.

இந்தப் பருவத்தின் கோப முகமும் மாறவில்லை. 2016 செப்டம்பர் 15, நிலாத் திருவிழா நாள். குடும்பங்கள் கூடி நிலா அப்பம் சாப்பிட வேண்டிய நாளின் விடியலுக்கு முன் 'மெராந்தி' புயல் பக்கத்து நகரமான ஷியாமெனில் கரை கடந்தது. சுவான்சௌவைச் சேர்ந்த யோங்சுன் பகுதியில், 1145-இல் கட்டிய கூரை போட்ட பழைய பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எண்ணூற்றுச் சொச்சம் இலையுதிர்காலங்களைத் தாங்கிய பாலம் அது. பிறகு அதைச் சீரமைத்தார்கள்.

1991-இல் யுனெஸ்கோவின் கடல்வழிப் பட்டுப்பாதை ஆய்வுக்குழு சுவான்சௌவுக்கு வந்தபோது, ஜியூரி மலையில் அவர்கள் வருகையும் ஒரு பாறையில் வெட்டப்பட்டது. 2021-இல் அந்த மலையும் மசூதியும் துறைகளும் பாலங்களும் அடங்கிய 22 இடங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

ஆக, சுவான்சௌவின் கதை சொல்வது இதுதான். இயற்கை ஓர் ஊருக்கு ஒரு வாய்ப்பைத் தரும். அதை ஒவ்வோர் ஆண்டும் தந்துகொண்டே இருக்கும், கூலி கேட்காது. ஆனால் வருகிறவனை வரவேற்பதும் விரட்டுவதும், வரியை அளவோடு எடுப்பதும் அடித்துப் பிடுங்குவதும் காற்றின் வேலை இல்லை. ஜியூரி மலையில் அதிகாரிகள் தெய்வத்திடம் கேட்டது காற்றை. அது கிடைத்துக்கொண்டேதான் இருந்தது, இன்றும் கிடைக்கிறது. கேட்க வேண்டியதை அவர்கள் தங்களிடமே கேட்டுக்கொண்ட ஆண்டுகளில் முப்பத்தாறு கப்பல்கள் வந்தன.